நான் சொன்ன ‘சரி’

எங்கள் வீட்டு கேரேஜில் ஏழு வருஷம் கார் நிற்கவில்லை. 2016-ல் வெளியேற்றப்பட்ட இரண்டு கார்களும் பனியிலும் மழையிலும் வாசலிலேயே கிடந்தன. உள்ளே ஒரு விமானம் வளர்ந்துகொண்டிருந்தது.

பொம்மை விமானம் இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். கட்டியவர் என் வீட்டுக்காரர். கூடமாட நின்றது நான். “நீங்க என்ன இன்ஜினீயரா?” என்று கேட்டுவிடாதீர்கள். நான் கும்பகோணத்தில் பி.காம். படித்தவள். கல்யாணமாகி வரும்வரை ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கையில் பிடித்ததில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரத்துக்குப் பக்கத்தில். ரைட் சகோதரர்களின் ஊர். அவர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த தெருவுக்கு வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். இவருக்கோ சின்ன வயதிலிருந்தே விமானப் பைத்தியம். திருச்சி ஏர்போர்ட் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு, எப்போதாவது வருகிற விமானத்துக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவர். இங்கே வந்து கம்ப்யூட்டர் வேலையில் இருந்துகொண்டே பைலட் லைசென்ஸும் வாங்கிவிட்டார். அதோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தேன்.

“நாமே ஒண்ணு கட்டலாம்மா” என்றார் ஒருநாள். வீடு கட்டுவதைச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஒரு விமானத்தின் பெரும்பகுதி வேலையை ஒருவர் தன் கல்விக்காகவோ, பொழுதுபோக்குக்காகவோ தானே செய்திருந்தால், அதைப் பதிவு செய்து, சோதனைக்கு உட்படுத்திப் பறக்க அனுமதிக்கிறார்கள். ‘51 சதவீத விதி’ என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். பாகங்களைத் தயாரித்து அனுப்பும் கம்பெனிகளும் இருக்கின்றன. நாங்கள் வாங்கியது ஒரேகன் மாநிலத்தில் இருக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் ஆர்.வி-9ஏ. 1973-ல் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் என்பவர் ஆரம்பித்த கம்பெனி அது. அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான் ‘ஆர்.வி’. உலகம் முழுக்க அவர்களுடைய விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன.

மொத்தத்தையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. முதலில் வால், பிறகு இறக்கை, பிறகு உடல், கடைசியில் மற்றவை என்று தவணை தவணையாக வாங்கலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். வாலை இவர் ஒருவராகவே அநேகமாக முடித்துவிட்டார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்ததோடு சரி.

2017 இலையுதிர் காலத்தில் இறக்கைப் பெட்டி வந்தது. லாரியிலிருந்து இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். உள்ளே பழுப்புக் காகிதத்தில் சுற்றிய அலுமினியத் தகடுகள், நூற்றுக்கணக்கான துண்டுகள், பொட்டலம் பொட்டலமாக ரிவெட்டுகள். சோம்பு, சீரகம் மாதிரி இருந்த அவற்றைப் பார்த்து, “இதுவா நம்மள மேல தூக்கிட்டுப் போகப் போகுது?” என்று கேட்டேன்.

“அதேதான். ஆனா இனிமே நீ இல்லாம என்னால முடியாது” என்றார்.

முதலில் கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது.

இறக்கை என்பது வெளியே பார்க்கத்தான் வழவழ பலகை. உள்ளே அது ஓர் எலும்புக்கூடு. நீளவாக்கில் ஸ்பார் என்கிற கனமான உத்தரம் ஓடும். அதுதான் முதுகெலும்பு. அதற்குக் குறுக்கே விலா எலும்புகள் மாதிரி ரிப்கள். அவற்றின் மேல் மெல்லிய அலுமினியத் தகட்டைப் போர்த்தி, அங்குலத்துக்கு ஒன்று என்கிற மாதிரி ரிவெட் அடித்துக்கொண்டே போக வேண்டும். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தனித்தனியாகக் கையில் எடுத்தால் வளையும், மடங்கும். எல்லாம் சேர்ந்து ரிவெட் ஆன பிறகு கல் மாதிரி நிற்கும்.

ஒவ்வொரு துளையிலும் எத்தனை வேலை தெரியுமா! துளை போட வேண்டும். ஓரத்துப் பிசிரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். ரிவெட்டின் தலை காற்றில் துருத்தாமல் உள்ளே அமர்வதற்குச் சின்னதாகக் குழி போட வேண்டும். துரு அண்டாமல் பெயின்ட் அடிக்க வேண்டும். தகடு நகராமல் இருக்க, துணி காயப்போடும் கிளிப் மாதிரி ‘க்ளீகோ’ என்று ஒன்றைத் துளைக்குத் துளை மாட்ட வேண்டும். மாட்டி முடித்தபோது இறக்கை முள்ளம்பன்றி மாதிரி நின்றது. இதெல்லாம் ஒருவரே செய்யலாம். கடைசியாக ரிவெட் அடிக்கத்தான் இரண்டு பேர் வேண்டும்.

இறக்கையைச் செங்குத்தாக ஒரு ஸ்டாண்டில் நிறுத்தியிருப்போம். தகட்டுக்கு வெளிப்பக்கம் அவர், காற்றழுத்தத்தில் ‘டர்ர்ர்’ என்று அடிக்கும் ரிவெட் கன்னோடு. உள்பக்கம் நான், கையடக்கமான ஓர் இரும்புக் கட்டியோடு. அதற்குப் பெயர் பக்கிங் பார். குட்டியூண்டு அம்மிக் குழவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளியே தலையில் அடிக்கும்போது, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ரிவெட்டின் வாலில் அந்தக் கட்டியை நேராக அணைத்துப் பிடிக்க வேண்டும். வால் நசுங்கி, பொத்தான் மாதிரி பரந்து பிடித்துக்கொள்ளும். அதன் அகலம் ரிவெட்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. இதுதான் கணக்கு. கட்டி கொஞ்சம் சாய்ந்தாலும் பொத்தானும் சாய்ந்துபோகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நடுவில் தகடு இருப்பதால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. அவர் பார்க்கும் பக்கம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பிடித்ததா, சாய்ந்ததா என்பது உள்ளே இருக்கும் எனக்குத்தான் தெரியும். காதில் சத்தத்தை அடைக்கும் மூடி வேறு. அதனால் எங்களுக்குள் மூன்றே வார்த்தைகள் வைத்துக்கொண்டோம். நன்றாக வந்தால் “சரி!” இன்னும் அடிக்க வேண்டுமென்றால் “இன்னும்!” கெட்டுவிட்டால் “போச்சு!”

முதல் சில நாட்கள் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அவர் சுற்றி வந்து, அளவுகோல் வைத்துப் பார்ப்பார். பத்துக்கு ஒன்பது தேறியது. அப்புறம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. “உனக்குக் கை வாகு இருக்கும்மா” என்றார். போகப்போகச் சுற்றி வருவதையே விட்டுவிட்டார். நான் “சரி” என்றால் சரிதான். அவர் அடுத்த ரிவெட்டுக்குப் போய்விடுவார்.

2018 ஜனவரி. பொங்கல் முடிந்த நாலாம் நாள் விடியற்காலையில் தம்பி போன் செய்தான். அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆபரேஷன். “பயப்படாதக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்றான்.

அன்று சாயங்காலம் இவரிடம், “நான் ஒரு ரெண்டு மாசம் ஊருக்குப் போய்ட்டு வரட்டுமாங்க?” என்று கேட்டேன்.

அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. நியாயமாகத்தான் பேசினார். தம்பி பக்கத்தில் இருக்கிறான், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம், இறக்கை வாங்கிய கையோடு இருப்பதால் பணமும் நெருக்கடி. “மே மாசம் லீவு விட்டதும் மூணு பேரும் சேர்ந்தே போகலாம். அதுக்குள்ள இறக்கையையும் முடிச்சுடலாம். என்ன சொல்றே?”

“சரி” என்றேன்.

நீங்களும் இப்படி ஒரு ‘சரி’ சொல்லியிருப்பீர்கள். வாய் சொல்லும், வயிறு சொல்லாது.

இரண்டு நாள் கழித்து வலது இறக்கையின் மேல் தகட்டுக்கு ரிவெட். வெளியே பனி. கேரேஜில் ஹீட்டர் ஓடியும் விரல் மரத்தது. காலையில்தான் வீடியோவில் அம்மாவைப் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலை வாராமல், “நீ எப்பம்மா வர்றே?” என்று கேட்டார். “மே மாசம்மா.” “ஓ... மேல வரியா” என்று சொல்லிவிட்டு, தம்பி மனைவியிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பக்கம் ‘டர்ர்’. இந்தப் பக்கம் நான். கண்ணாடி பனி மூடியதா, கண்தான் நிறைந்ததா தெரியவில்லை. துடைக்கவில்லை. கட்டியை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். “சரி.” ‘டர்ர்.’ “சரி.” ‘டர்ர்.’ “சரி.” ஸ்பாருக்கு ஒட்டினாற்போலிருந்த அந்த வரிசை முழுக்க நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமில்லை என்பதுதான் உண்மை. இவருடைய இறக்கைதானே, இவருக்கு வேண்டியது ‘சரி’தானே, வாங்கிக்கொள்ளட்டும் என்கிற மாதிரி ஒரு பிடிவாதம்.

“இன்னிக்கு ஒண்ணுகூடப் ‘போச்சு’ வரல பாத்தியா!” என்று சந்தோஷமாகக் கன்னைக் கீழே வைத்தார். நான் அடுப்பில் சாம்பார் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு ஒரு மாதம் பெட்ரோல் டேங்க் வேலை. இந்த விமானத்தில் எரிபொருள் இறக்கைக்குள்தான் இருக்கும், பக்கத்துக்கு 18 கேலன், ஏறக்குறைய 68 லிட்டர். கசியாமல் இருக்க, ஒவ்வொரு ரிவெட்டையும் கருஞ்சாம்பல் நிறக் குழம்பு ஒன்றில் தோய்த்து அடிக்க வேண்டும். அது முடியில், சட்டையில், கதவுப்பிடியில், கடைசியில் என் தோசைக் கரண்டியில்கூட ஒட்டிக்கொண்டது. முடிந்ததும் டேங்க்கின் வாயில் ஒரு பிறந்தநாள் பலூனைக் கட்டி, காற்றை ஏற்றி, தையல் முழுக்கப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரை ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். நம்ம ஊர் சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்களே, அதே வித்தைதான். ஒரு மூலையில் குமிழி வந்தது. சரிசெய்தோம். பலூன் இரண்டு நாள் சுருங்காமல் நின்றது.

டேங்க்குக்குப் பலூன் இருந்தது. நான் சொன்ன ‘சரி’க்குப் பலூன் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ரைட் சகோதரர்களைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட். சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்துக் காட்டினாள். 1900, 1901-ல் அவர்கள் செய்த கிளைடர்கள், கணக்குப்படி வரவேண்டிய தூக்குவிசையைத் தரவில்லையாம். எங்கே தப்பு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். காற்றழுத்தக் கணக்குக்கு நூறு வருஷத்துக்கும் மேலாக எல்லோரும் பயன்படுத்தி வந்த ஓர் எண்ணே தப்பாக இருந்திருக்கிறது. 1901 கடைசியில் ஆறடி நீளத்தில் ஒரு காற்றுப்பெட்டி செய்து, ஏறக்குறைய இருநூறு குட்டி இறக்கைகளைத் தாங்களே அதில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் 1903 டிசம்பர் 17-ல் பன்னிரண்டு விநாடி பறந்தது.

“எல்லாரும் கரெக்ட்னு சொன்னதை இவங்க மட்டும் செக் பண்ணியிருக்காங்கம்மா” என்றாள் மகள்.

எனக்குத் தோசை தொண்டையில் நின்றது.

பிப்ரவரி கடைசி வாரம். இனி அடித் தகட்டை மூட வேண்டும். மூடிவிட்டால், ஓரிரு சின்ன ஜன்னல்கள் வழியாகத் தெரிவதைத் தவிர, உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. அதற்கு முன்னால், இங்கே விமானம் கட்டுகிறவர்கள் சங்கத்திலிருந்து அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவது வழக்கம். பணம் வாங்க மாட்டார்கள். எங்களுக்கு வருபவர் எழுபத்தெட்டு வயது அமெரிக்கத் தாத்தா. சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தா கண்ணில் படும் என்பது பயமில்லை. அந்த வரிசை ஸ்பாரின் மறைவில் இருக்கிறது, அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். தப்பிவிட்டால் அது அங்கேயே இருக்கும். இவர் அதன் மேல் உட்கார்ந்து வானத்துக்குப் போவார். ஒருநாள் என் மகளும் போவாள்.

ஒரு மணிக்கு எழுந்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கேரேஜுக்குப் போனேன். டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி கண்ணாடி, அளவுகோல். வரிசையில் முப்பத்திரண்டு ரிவெட். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபத்தொன்று நன்றாகவே இருந்தன. கை தானாகவே செய்திருக்கிறது. பதினொன்று சரியில்லை. சில சாய்ந்திருந்தன. சில பாதிதான் நசுங்கியிருந்தன. ஓர் இடத்தில் கட்டி வழுக்கி ரிப்பின் விளிம்பில் தழும்பு.

கெட்டது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டேன். திரும்பினால், கதவில் இவர் நிற்கிறார்.

“என்னம்மா பண்றே இந்நேரத்துல?”

“என்னங்க... இந்த வரிசையில நான் பாக்காமலே ‘சரி’ சொல்லிட்டேன்.”

வந்து குனிந்து பார்த்தார். வட்டங்களை எண்ணினார். கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எப்ப அடிச்சது இது?” என்றார்.

“அம்மா விழுந்த வாரம்.”

அவருக்கு அது போதவில்லை. “அதுக்கு?” என்றார். நான் அப்போதுதான் சொன்னேன். மே மாசம் என்றதற்கு நான் சொன்ன ‘சரி’யும் பார்க்காமல் சொன்னதுதான் என்று. அம்மா தலை வாராமல் படுத்திருந்ததைச் சொன்னேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் இந்த மாதிரி எத்தனை ‘சரி’ சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை என்றும் சொன்னேன். கேரேஜ் குளிரில் இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து, ஹீட்டரைக்கூடப் போடாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

“அன்னிக்கே ‘போச்சு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

“நீங்களும் ஒரு தடவை சுத்தி வந்து பாத்திருக்கலாம்” என்றேன்.

கொஞ்சம் யோசித்து, “ஆமாம்” என்றார்.

காலையில் தாத்தா வந்தார். அவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, பதினொன்றையும் நிதானமாகப் பார்த்தார். நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். இந்தப் பதினொன்றுக்காக இந்த இறக்கை விழுந்துவிடாது, ஒன்று தளர்ந்தால் பக்கத்திலிருப்பவை தாங்குகிற மாதிரிதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். கெட்ட ரிவெட்டை எடுக்கப்போய்த் துளையைப் பெரிசாக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம், ஓரளவு தேறுவதை அப்படியே விட்டுவிடுவது நல்லது என்றார். நாலை விடச் சொன்னார். ஏழை எடுக்கச் சொன்னார். தழும்பை நுணுக்கமாகத் தேய்த்து வழவழப்பாக்கச் சொன்னார்.

போகும்போது என்னைப் பார்த்து, “இந்த நாலையும் நாம் தெரிந்து விடுகிறோம். தெரியாமல் விடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது” என்றார்.

ஏழையும் எடுக்க ஒரு பகல் முழுக்க ஆனது. தலையின் நட்டநடுவில், தலையின் ஆழத்துக்கு மட்டும் துளை போட்டு, தலையை முறித்து, தண்டைப் பின்பக்கம் தட்டி எடுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தோம். ஐந்து துளைகள் பழையபடி கிடைத்தன. இரண்டு கொஞ்சம் பெரிசாகிவிட்டன. அதற்கென்றே தண்டு தடித்து, தலை சிறுத்த ரிவெட் இருக்கிறது, அதைப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்து “சரி” சொன்னேன். அவரும் ஒவ்வொன்றுக்கும் சுற்றி வந்தார்.

திங்கட்கிழமை டிக்கெட் எடுத்துவிட்டார். “மகளை நான் பாத்துக்கறேன். ரசம் வைக்கத் தெரியும். நீ போ” என்றார். இறக்கையின் மேல் ஒரு பழைய பூப்போட்ட பெட்ஷீட்டைப் போர்த்தி வைத்தார். அடித் தகட்டை மூட என் கை வேண்டும், வேறு யாரையும் கூப்பிட அவருக்கு மனமில்லை.

ஆறு வாரம் அம்மாவோடு இருந்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் திண்ணைக்கும் நடந்தோம். தலை வாரிப் பின்னிவிட்டேன். போனில் இறக்கை போட்டோவைக் காட்டினேன். “இதுல மாப்பிள்ளை ஏறப்போறாரா?” என்று கேட்டார். “ஆமாம்மா. நான்தான் பின்னாடி பிடிச்சேன்.” அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கெட்டியாப் பிடிச்சியா?” என்றார்.

“பிடிச்சேம்மா.”

2019 ஆவணியில் அம்மா போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஆறு வாரம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், இந்த இறக்கையை என்னால் என்றைக்கும் நல்ல கண்ணோடு பார்த்திருக்க முடியாது.

ஏப்ரலில் திரும்பி வந்ததும் அடித் தகட்டை மூடினோம். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தகட்டை லேசாக உரித்துப் பிடித்துக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, தடவித் தடவித்தான் கட்டியை வைக்க வேண்டும். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. நிறைய “போச்சு” சொன்னேன். சொல்லச் சொல்ல அது ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை என்று தெரிந்தது. “போச்சா? சரி, எடுத்துடலாம்” என்பார். அவ்வளவுதான். வீட்டுக்குள்ளும் அந்த வார்த்தை வந்துவிட்டது. சமையலறையில், பணக் கணக்கில், மகளின் காலேஜ் விஷயத்தில் எனக்கு ஒப்பாதபோது “போச்சு” என்கிறேன். அவர் சுற்றி வந்து என் பக்கத்திலிருந்து பார்க்கிறார். எப்போதும் இல்லை, முக்கால்வாசி.

உடல், இன்ஜின், வயரிங் என்று இன்னும் ஐந்து வருஷம் ஓடியது. 2023-ல் இறக்கைகளை வாடகை வண்டியில் ஏற்றி, சின்ன விமான நிலையம் ஒன்றில் உடலோடு சேர்த்தோம். நுனிக்கு நுனி 28 அடி. அரசு அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். முதல் 40 மணி நேரம் சோதனைப் பறத்தல், பயணி யாரையும் ஏற்றக் கூடாது. அந்த நாட்களில் ஓடுபாதை ஓரத்தில் நின்று, மனதுக்குள் முப்பத்திரண்டு வரை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அக்டோபரில் என் முறை வந்தது. இருக்கைக்கு எதிரே ஒரு பட்டயம் ஒட்டியிருக்கும், சட்டப்படி ஒட்ட வேண்டும். இது தொழில்முறை அல்லாதவர் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று எழுதியிருக்கும். அதை ஒருமுறை முழுசாகப் படித்தேன். வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். இறக்கை வெயிலில் பளபளத்தது. ஸ்பாரை ஒட்டிய வரிசை எது என்று எனக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே மாதிரிதான் இருந்தன. உள்ளே எந்த நாலு சுமார், எந்த ஏழு புதுசு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

“என்னம்மா, போகலாமா?” என்றார்.

இன்னொரு தரம் பார்த்தேன்.

“சரி” என்றேன்.

கேரேஜில் இப்போது கார் நிற்கிறது. ஒரு கார்தான். இன்னொரு பக்கத்தைச் சும்மா வைத்திருக்கிறார். எதற்கு என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.